கார் மெழுகு காய்ந்துவிட்டதா? கடிகாரம், கண், விரல்: ஓர் ஒப்பீடு

காரில் பூசிய மெழுகை எப்போது துடைத்தெடுக்கலாம் என்பதை அறிய மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. டப்பாவில் அச்சிட்டுள்ள நிமிடக் கணக்கை நம்புவது ஒன்று; பூச்சு வெளிறி மங்கும் வரை கண்ணால் பார்த்திருப்பது இன்னொன்று; விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதுபோல் தோன்றினாலும், கடிகாரம் கழிந்த நேரத்தையும், கண் மேற்பரப்பின் நிறத்தையும், விரல் பூச்சின் பிடிப்பையும்தான் அளக்கின்றன. துடைக்கப்போகிறவருக்கு உண்மையில் தெரியவேண்டியது பிடிப்பு மட்டுமே என்பதால், பெரும்பாலான மெழுகுகளுக்கு என் வாக்கு விரலுக்கே. ஆனால் எல்லா மெழுகுக்கும் அல்ல.

காய்வது என்று நாம் சொல்வது மெழுகு காய்வதை அன்று. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகு 80 டிகிரி செல்சியசுக்கும் மேலே சென்றால்தான் உருகும். அவ்வளவு கெட்டியான பொருளை அப்படியே எடுத்து பெயின்ட்டின் மேல் தேய்க்க முடியாது. எனவே அதை எண்ணெய்களோடும், ஆவியாகும் கரைப்பானோடும் சேர்த்துக் குழைத்து டப்பாவில் அடைக்கிறார்கள். சில வகைகளில் நீரில் கலந்த பால்மமாகத் தருகிறார்கள். பூசிய பிறகு கரைப்பானோ நீரோ வெளியேற, பின்தங்கும் மெழுகின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நாம் பார்க்கும் வெண்ணிற மங்கல் அதுவே. கரைப்பான் போகுமுன் துடைத்தால் துணி மெழுகைப் பிரித்தெடுக்காமல் இழுத்துப் பரப்பி எண்ணெய்த் தீற்றலாக்கிவிடும். வெகுநேரம் கழித்துத் துடைத்தால் மிகுதிப் பூச்சு இறுகிப்போய், கைவலிக்கத் தேய்க்கவேண்டியதாகும்.

இவற்றில் கடிகாரம்தான் மிகப் பலவீனமான சாட்சி. டப்பாவில் பத்து நிமிடம் என்றோ பதினைந்து நிமிடம் என்றோ எழுதியவருக்கு உங்கள் காரின் கூரை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது தெரியாது. வெயிலில் நின்ற கூரையில் சில நிமிடங்களில் இறுகிவிடும் அதே மெழுகு, நிழலில் இருக்கும் கதவின் அடிப்பகுதியில் இன்னும் ஈரமாக இருக்கக்கூடும். காற்றோட்டமும் பூச்சின் கனமும் கணக்கை மாற்றும்; நீரை அடிப்படையாகக் கொண்ட மெழுகானால் காற்றின் ஈரப்பதம் காய்வதைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். இதற்கெல்லாம் மேலாக, கார் முழுவதும் பூசி முடிக்கவே நேரமாகிறது: கடைசிக் கதவில் கை வைக்கும்போது, முதலில் பூசிய பானட் வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருக்கும். எந்த நொடியிலிருந்து நிமிடத்தை எண்ணுவது? ஆகவே டப்பாவின் எண்ணை, எப்போது சோதிக்கத் தொடங்கலாம் என்று சொல்லும் மணியாகக் கொள்ளலாமே ஒழிய, துடைக்க அனுமதியாகக் கொள்ளக்கூடாது.

கண் அதைவிட மேல். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் மங்கல் பளிச்சென்று தெரிவதால், எந்த இடம் வெளிறியது, எந்த இடம் இன்னும் ஈரமாக மினுங்குகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். வெள்ளை, வெள்ளிநிறக் கார்களில் இந்த வசதி ஏறக்குறைய இல்லை. பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் ஏதோ கொஞ்சம் புலப்படும். கண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. கனமாகப் பூசிய இடத்தில் மேற்பரப்பு முதலில் மங்கிவிடும், உள்ளே ஈரம் தங்கியிருக்கும். மெழுகு அதிகமானால் பளபளப்பும் அதிகமாகும் என்று நம்பிய காலத்தில், பானட் முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்ததைப் பார்த்து நானும் துணியை எடுத்தேன். மேல்தோல் உரிந்து அடியிலிருந்த குழம்பு முழுவதும் துணியில் ஒட்டிக்கொண்டது. அன்று கண் பொய் சொல்லவில்லை. மேலே இருந்ததை மட்டும் சொன்னது.

விரல் சோதனை அந்த அடியையும் தொட்டுப்பார்க்கிறது. ஈரமோ வியர்வையோ இல்லாத சுத்தமான விரலால், அழுத்தம் கொடுக்காமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பு இழுத்தால் போதும். கோடு விழுந்த இடத்தில் பெயின்ட் தெளிவாகப் பளிச்சிட்டு, விரல்நுனியில் பொடிபோல் படிந்தால் துடைக்கலாம். கோடு மங்கலாகத் தீற்றிக்கொண்டாலோ, விரலில் வழவழப்பு தட்டினாலோ காத்திருக்கவேண்டும். எங்கே இழுப்பது என்பதிலும் கவனம் தேவை: எளிதில் காயும் கூரையின் நடுவில் சோதித்துவிட்டு முழுக்காரையும் காய்ந்ததாக முடிவுகட்டுபவர்கள் ஏராளம். நிழல் விழும் பக்கத்தில், பூச்சு சற்றே தடித்த இடத்தில் சோதித்துவிட்டு, பூசிய வரிசையிலேயே ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து வருவதே முறை. வெறும் விரல் கீறலை உண்டாக்கும் என்று அஞ்சுவோர் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிக்கொண்டு இழுக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் வழவழப்பை உணரும் வாய்ப்பு போய், மறுபடியும் கண்ணை நம்பும் நிலைக்கே வந்துவிடுகிறோம். நன்றாகக் கழுவிய காரில் மெல்லிய ஒற்றைத் தொடுதலால் தீங்கு வருவது அரிது.

விரல் தோற்கும் இடங்களும் உண்டு. ஸ்பிரே மெழுகைத் தெளித்த கையோடு துடைக்கவேண்டும். அதைக் காயவிட்டுச் சோதிப்பதே பிழை. மென்மையான சில கார்னௌபா குழைவுகளும் முழுமையாகக் காய்வதற்கு முன்பே துடைக்கும்படி தயாரிக்கப்படுபவை. மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை பாலிமர் சீலன்ட்டுகளில் நிலைமை நேர்மாறு: விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும், பெயின்ட்டோடு பிணைவதற்குக் கூடுதல் அவகாசம் கேட்பவை அவற்றில் உண்டு. அங்கே கடிகாரம் சொல்வதே செல்லும். பெயின்ட்டின் மேல் கடினமான படலமாக இறுகும் செராமிக் கோட்டிங்கில் கண்ணே முதன்மை வழிகாட்டி. பூச்சில் வானவில் போன்ற மினுக்கம் தோன்றியதும் துடைத்தாகவேண்டும், தவறவிட்டு இறுகினால் பாலிஷ் போட்டுத்தான் அகற்ற முடியும். ஆகவே டப்பாவைத் திருப்பி அது எந்த வகை என்று படித்த பிறகே விரலை நீட்டவேண்டும்.

இரண்டு பிழைகளில் எது மோசம் என்று கேட்டால், பிந்துவதைத்தான் சொல்வேன். முந்தினால் தீற்றல் வரும். சிறிது பொறுத்துப் புதுத் துணியால் துடைத்தால் அது போய்விடும். பிந்தினால் அழுத்தித் தேய்க்கத் தூண்டும், அழுத்தம்தான் நுண்கீறல்களுக்கு வழி. அந்த நிலையில் பலத்தைக் காட்டாமல், அதே மெழுகை மெல்லியதாக மேலே மீண்டும் தடவினால் புதிய பூச்சிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும், உடனே துடைத்துவிடலாம். வெயிலும் சூடும் தவிர்க்க முடியாதபோது முழுக்காரையும் ஒருசேரப் பூசாமல், பகுதி பகுதியாகப் பூசித் துடைப்பது இந்தச் சிக்கலையே வரவிடாது.

துடைத்து முடித்து ஒரு மணிநேரம் கழித்துக் காரைச் சாய்வெளிச்சத்தில் மறுபடி பார்ப்பது நல்லது. மெழுகிலிருந்த எண்ணெய் சில இடங்களில் வியர்த்ததுபோல் மேலே வந்து மெல்லிய மங்கலாக நிற்கும். நான்காக மடித்த சுத்தமான துணியின் புதுப்பக்கத்தால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் அதுவும் மறையும்.