பிக்கை எதால தேய்க்கிறது: உப்புத்தாளா, ரோட்டரி டூலா, வெறும் பாலிஷ் பேஸ்டா?

சாவி இல்லாம பூட்டைத் திறந்து பாக்குறது என் ஹாபி, அதுக்குப் பூட்டுக்குள்ள விடுற மெல்லிசான ஸ்டீல் கருவிதான் பிக். புதுசா ஒரு பிக் செட் வந்ததும் உறையைப் பிரிச்ச கையோட பூட்டுக்குள்ள விட்டுப் பாக்குறதுதான் எல்லாரும் பண்றது, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இப்பல்லாம் அதுக்கு முன்னாடி கொஞ்சம் பஞ்சு எடுத்து முனையில இருந்து கைப்பிடி வரைக்கும் நாலு பக்கமும் மெதுவா இழுத்துப் பாத்துடுறேன். எங்க நூல் நூலா மாட்டி நிக்குதோ அங்க பிசிறு இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, விரல்ல கூட சில சமயம் தெரியாது, ஆனா பஞ்சு காட்டிக் குடுத்துடும்.

இந்தப் பிசிறை எடுக்கறதுக்கு ஆளுக்கு ஒரு வழி சொல்வாங்க. ஒருத்தர் உப்புத்தாள் போதும்பார், இன்னொருத்தர் ரோட்டரி டூல் (சின்ன வீலை வேகமாச் சுத்துற கைமெஷின்) இல்லாம எவன் தேய்ப்பான்னு சிரிப்பார், பேஸ்டும் துணியும் வச்சே கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்னு போட்டோ போடுறவரும் உண்டு. நான் எல்லாத்தையும் பண்ணிப் பாத்து ரெண்டு மூணு பிக்கைக் கெடுத்தும் இருக்கேன், அதனால எது எதுக்கு லாயக்குன்னு கொஞ்சம் தைரியமாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. பிக்கோட அகலமான ரெண்டு பக்கமும் பளபளன்னு இருக்கறதால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அது தகடா உருட்டி வந்த ஸ்டீல், ஏற்கனவே வழவழன்னுதான் இருக்கும். பூட்டுக்குள்ள பின்னை (சாவி தூக்கிவிடுற குட்டிக் கம்பிங்களை) தொடுறதும் சாவித் துவாரத்தோட சுவத்துல உரசுறதும் தகட்டோட அந்த 0.6 மில்லிமீட்டர் தடிமன் விளிம்புதான், செஞ்ச விதத்தோட தழும்பும் அங்கதான் இருக்கும். அச்சுல வெட்டின பிக்குன்னா ஒரே பக்கமா பிசிறு மடிஞ்சு நிக்கும். லேசர்ல வெட்டினதுன்னா விளிம்புக்குக் குறுக்க கோடு கோடா இருக்கும், சின்ன அரம் மாதிரியே. ரெண்டு பக்கமும் ஆசிட்ல அரிச்சு எடுத்ததுன்னா விளிம்புக்கு நடுவுல மெல்லிசா ஒரு முகடு ஓடும். அந்த விளிம்போட பித்தளைப் பின்னை வருடினா பின்னோட அசைவு விரலுக்கு வராது, கரகரன்னு உரசல் மட்டும்தான் வரும், பின்னும் சொரண்டிக்கிட்டே போகும். நம்ம பூட்டை மட்டும்தான் திறக்கணும், கதவுல மாட்டி தினம் புழங்குற பூட்டுல கை வைக்கக் கூடாதுன்னு இந்த ஹாபியில இருக்கற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உப்புத்தாள். தண்ணி பட்டா ஊறிப்போகாத கறுப்புத் தாள்தான் வேணும், சிலிக்கான் கார்பைடு ஒட்டினது. (த்ரீஎம் கம்பெனி 1921லயே கொண்டு வந்த சரக்கு இது, தூசி பறக்காம தண்ணி விட்டுத் தேய்க்கலாம்ங்கறதுதான் அப்பவும் இப்பவும் அதோட பெருமை.) நான் P400, P1000, P2000ன்னு மூணே மூணு தாள்தான் வச்சிருக்கேன். P400ல துகள் சராசரியா 35 மைக்ரான், P1000ல 18, P2000ல 10, ஒவ்வொண்ணும் முன்னதுல ஏறக்குறைய பாதி, அதனால நடுவுல P600, P800ன்னு வாங்கி அடுக்கத் தேவையில்ல. பிசிறு ரொம்ப முரட்டுத்தனமா இருந்தா மட்டும் P220ல இருந்து தொடங்கலாம்.

தேய்க்கிற விதத்துலதான் விஷயமே இருக்கு. பிக்கை ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல வச்சு வைஸ்ல பிடிச்சுக்குங்க, விளிம்பு மேல பாத்தபடி ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வெளிய தெரிஞ்சா போதும், அதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா ஆடும். விரல் அகலத்துக்கு ஒரு கீத்து தாள் கிழிச்சு, ஷூ பாலிஷ் போடுறவங்க துணியை ரெண்டு கையால இழுப்பாங்களே, அந்த மாதிரி விளிம்பு மேல குறுக்க போட்டு இழுக்கணும். ரெண்டு ஓரமும் ஒரே சீரா மழுங்கும். ஆனா இதோட விட்டுட்டா கீறல் எல்லாம் குறுக்கயே நிக்கும், ரேக் பிக்கா (எல்லாப் பின்னையும் ஒரே இழுப்புல வருடுற வகை) இருந்தா அது உள்ளயும் வெளியவும் போகும்போது பின்னு மேல அரம் ஓட்டுன கதைதான். போதாததுக்கு, வளைஞ்சு வளைஞ்சு நிமிர்ற மெல்லிசான ஸ்டீல்ல விரிசல் பெரும்பாலும் இந்தக் குறுக்குக் கீறல்ல இருந்துதான் தொடங்கும். அதனால ஒவ்வொரு தாள்லயும் கடைசியா நீளவாக்குல தேய்ச்சு முடிக்கணும், தாளை ஒரு ஐஸ் குச்சியில ஒட்டி வச்சுக்கிட்டா அதுக்கு வசதி. போன தாளோட குறுக்குக் கோடு ஒண்ணு கூடத் தெரியக்கூடாது, அதுவரைக்கும் அடுத்த தாளுக்குப் போகாதீங்க. அவசரப்பட்டு P2000க்குத் தாவினா P400 போட்ட பள்ளத்துக்கு நடுவுல மேட்டை மட்டும் மினுக்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

கொக்கி, அதாவது ஒவ்வொரு பின்னா தூக்குற வளைஞ்ச முனை பிக், அதோட உள்வளைவு இருக்கே, அங்க குச்சி நுழையாது. டிரில் பிட்டோட வழுவழுப்பான பின்பக்கத்துல தாளைச் சுத்தி வச்சுத் தேய்க்கலாம், இல்லன்னா பருத்திக் கயித்துல பாலிஷ் பேஸ்டைத் தடவி ஒரு முனையை எங்கயாவது கட்டிட்டு வளைவை அது மேல முன்னும் பின்னும் ஓட்டலாம், நகை வேலை பாக்குறவங்க சந்து பொந்துக்குள்ள மெருகு ஏத்துறது இப்படி நூலை வச்சுத்தான். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா உப்புத்தாள் போகாத இடத்துக்கெல்லாம் போகும்.

ஒரு பிக்குக்கு எனக்கு இருபது நிமிஷம் பிடிக்குது. கட்டை விரல் வலிக்கும், நகம் கறுத்துப்போகும், பத்து பிக் இருக்கற செட்டை ஒரே நாள்ல முடிக்கணும்னு உக்காந்தா நாலாவது பிக்லயே வெறுத்துடும். அங்கதான் ரோட்டரி டூல் மேல ஆசை வரும்.

ரோட்டரி டூலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதோட நியாயத்தைச் சொல்லிடுறேன். இருபது நிமிஷ வேலையை அது மூணு நிமிஷத்துல முடிக்கும். ரப்பர்ல அரைப்பொடி கலந்து செஞ்ச சின்னச் சின்ன முனைங்க அதுக்குன்னே கிடைக்குது, உள்வளைவுக்குக் கச்சிதமா உக்காரும், ஃபெல்ட் வீல்ல பச்சைக் காம்பவுண்ட் (மெருகு ஏத்துற கட்டி) தடவி ஓட்டினா வர்ற பளபளப்பைக் கையால கொண்டு வர ரொம்பப் பொறுமை வேணும். ஆனா இந்த மெஷினுங்க நிமிஷத்துக்கு 35,000 சுத்து வரைக்கும் போகக்கூடியது. அவ்வளவு கூட வேணாம், 25 மில்லிமீட்டர் வீலை 10,000ல ஓட்டினாலே அதோட ஓரம் நொடிக்கு 13 மீட்டர் வேகத்துல உரசுது. அந்தச் சூடு போய்ச் சேர்ற இடம் 0.6 மில்லிமீட்டர் தகட்டோட நுனி. அங்க இருக்கற உலோகம் ரொம்பக் கொஞ்சம், சூட்டை வாங்கிக்க ஆளே இல்ல.

நான் கெடுத்ததுல ஒண்ணு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசான ஸ்டீல் பட்டை) தகட்டுல நானே வெட்டின ஒரு கொக்கி. வடிவம் அருமையா வந்திருந்துச்சு, கடைசியா நுனியை மட்டும் மெஷின்ல தொட்டு எடுக்கலாம்னு நினைச்சேன். ரெண்டு நொடி இருக்கும். வைக்கோல் நிறம் வந்துச்சு, சரின்னு எடுக்கறதுக்குள்ள ஊதா தாண்டி நீலம் ஆயிடுச்சு. கார்பன் ஸ்டீல்ல வைக்கோல் நிறம்னா ஏறக்குறைய 230 டிகிரி, நீலம்னா 300 பக்கம். அந்த நீலத்தைத் தேய்ச்சு எடுத்துட்டா பாக்க ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள பதம் இறங்கியாச்சு. அடுத்த வாரம் பிடிவாதமா நின்ன ஒரு பின்னைத் தூக்கும்போது கொக்கி முனை வெண்ணெய் மாதிரி சாஞ்சுது, திரும்ப நேரா நிக்கவே இல்ல.

இங்க ஸ்டீல் வகையையும் பாக்கணும். கடையில வர்ற பல பிக் 301 வகை ஸ்டெயின்லெஸ், அது உருட்டி உருட்டியே கடினமாக்கின ஸ்டீல், ஃபீலர் கேஜ் மாதிரி சூடாக்கி நனைச்சு பதம் ஏத்தினது இல்ல, அதனால கொஞ்சம் நிறம் மாறினதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம், செக்கச் செவேல்னு பழுக்க விட்டாத்தான் போச்சு. வீட்டுலயே ஃபீலர் கேஜ், தெரு கூட்டுற வண்டியோட பிரஷ் கம்பின்னு எடுத்து பிக் செய்யறவங்கதான் மெஷின் பக்கமே போகாம இருக்கறது நல்லது. போயே ஆகணும்னா கையுறை போடாம பிடிங்க, விரலுக்குச் சுட்டா பிக்குக்கும் சுடுதுன்னு தெரிஞ்சுடும், உடனே தண்ணியில முக்கிடலாம். வீல் எப்பவும் நுனியை விட்டு வெளிய ஓடுற திசையில சுத்தணும், நுனியை எதிர்த்து சுத்தினா கொக்கியைப் பிடிச்சு இழுத்து எறியும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம இந்த வேலைக்கு உக்காரவே உக்காராதீங்க.

சூட்டை விட எனக்குப் பெரிய குறை இன்னொண்ணு. மெஷின்ல "போதும்"னு நிறுத்த நேரமே கிடைக்காது. கொக்கி முனையோட மேல்பக்கம் கொஞ்சம் தட்டையா இருந்தாத்தான் பின் அது மேல நிக்கும். ஓரம் மட்டும் மழுங்கணும், தட்டு அப்படியே இருக்கணும். கையால தேய்க்கும்போது நாலு இழுப்பு, பாக்குறது, திரும்ப நாலு இழுப்பு. மெஷின்ல ஒரு தடவை அழுத்தினா நுனி குண்டூசித் தலை மாதிரி உருண்டையாயிடும், அதுக்கப்புறம் பின் வழுக்கி வழுக்கி விழும், நம்ம கை சரியில்லையோன்னு ஒரு மாசம் குழம்பிக்கிட்டு இருப்போம்.

பேஸ்டும் துணியும் மட்டும்ங்கறவங்களுக்கு ரெண்டே வரி. பேஸ்ட் பிசிறை எடுக்காது, பிசிறுக்கு மெருகு போடும். P2000 முடிஞ்சப்புறம் தோல் துண்டுல தடவி இழுத்தா அது வேற கதை, நல்லாவே இருக்கும்.

அரம் தனி ரகம். பிசிறு கையை வெட்டுற அளவுக்கு இருந்தாலோ, நீங்களே வெட்டின பிக்குக்கு வடிவம் கொண்டு வரணும்னாலோ வைர ஊசி அரம் எடுங்க, மத்தபடி அது போடுற பள்ளத்தை மூட உப்புத்தாள்ல இன்னும் பத்து நிமிஷம் சேத்து உழைக்கணும்.

டம்ளர் மெஷின்ல செராமிக் கல்லோட பிக்கையும் போட்டு மணிக்கணக்கா உருட்டுறதும் பாத்திருக்கேன். கைப்பிடிக்கும் முதுகுக்கும் அட்டகாசமா வேலை செய்யும், உக்காந்து தேய்க்க வேண்டியதும் இல்ல. ஆனா அதுக்கு நுனி எது, கைப்பிடி எதுன்னு தெரியாது, நீட்டிக்கிட்டு இருக்கறதைத்தான் முதல்ல மழுக்கும், பிக்ல நீட்டிக்கிட்டு இருக்கறதே நுனிதானே. மெல்லிசான பிக்கா இருந்தா வளைஞ்சும் வரும்.

எலக்ட்ரோபாலிஷ்னு ஒண்ணு இருக்கு, திரவத்துல முக்கி கரண்ட் விட்டு மேல்பரப்பைக் கரைக்கிறது, தத்துவமா பாத்தா இதுதான் எல்லாத்துலயும் அழகு. பிசிறு, முகடுன்னு துருத்திக்கிட்டு நிக்கிற இடத்துல கரண்ட் அதிகமாப் பாயும், அந்த இடம்தான் முதல்ல கரையும், கீறலே இல்லாத விளிம்பு கிடைக்கும். ஆனா தொழிற்சாலையில இதுக்கு பாஸ்பாரிக் ஆசிட்டும் சல்ஃபூரிக் ஆசிட்டும் கலந்து சூடா வச்சிருப்பாங்க. வீட்டுல ஆசிட்டுக்குப் பதிலா உப்புத் தண்ணியில ஸ்டெயின்லெஸ்ஸை மாட்டி கரண்ட் விடறவங்க கவனிக்க வேண்டியது, அதுல இருந்து வர்ற மஞ்சள் பச்சைக் கழிவுல ஹெக்சாவேலன்ட் குரோமியம் இருக்கலாம், அது புற்றுநோய் வரவைக்கிற சரக்கு. ஒரு பிக்கோட விளிம்புக்காக அந்த வேலை வேணாம்.

ஆக என் கணக்கு இப்படி. பின்னைத் தொடுற முன்பக்கம், அதாவது நுனியில இருந்து சாவித் துவாரத்துக்குள்ள போற மூணு நாலு சென்டிமீட்டர், முழுக்கக் கை, முழுக்க உப்புத்தாள். கைப்பிடி, தண்டோட பின்பக்கம் எல்லாம் மெஷின், இல்லன்னா பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், அங்க மினுமினுப்பு தேவையே இல்ல, விரலை அறுக்காம இருந்தா சரி. ரேக் பிக்குன்னா P2000 வரைக்கும் கட்டாயம் போங்க, அது பின்னுங்க மேல ஓடுறதுதான் அதோட வேலையே, போகோட்டான்னு சொல்ற, மேடு மேடா இருக்கற ரேக்கை அந்த அளவுக்கு இழைச்சு வைக்கிறது சும்மா இல்ல. ஒவ்வொரு பின்னா தூக்குற கொக்கிக்கு P1000லயே நான் நிறுத்திடுறேன், கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி பூட்டுல விட்டுப் பாத்தேன், எனக்கு வித்தியாசம் தெரியல. கண்ணாடி மெருகு போட்டோவுக்கு.

முடிச்சதும் பாத்திரம் கழுவுற சோப்புல நல்லா கழுவுங்க, உள்வளைவுல பழைய டூத் பிரஷ்ஷை விட்டு. இதை நான் ரொம்ப நாள் பண்ணாம இருந்தேன். விளிம்புல ஒட்டின அரைப்பொடியும் காம்பவுண்டும் அப்படியே பூட்டுக்குள்ள போய் பின்னுக்கும் துளைக்கும் நடுவுல உக்காந்துக்கும், எண்ணெய் பட்டா களிமண் மாதிரி ஆயிடும். கார்பன் ஸ்டீலா இருந்தா துடைச்ச உடனே ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கணும், இல்லன்னா துரு பிடிச்சு தேய்ச்ச இருபது நிமிஷமும் வீண்.

டென்ஷன் ரெஞ்சையும் (பிக்கோட சேர்த்து சாவித் துவாரத்துல மாட்டி பூட்டைத் திருப்ப அழுத்துற கம்பி) இதே ஜோர்ல எடுத்துத் தேய்ச்சுடாதீங்க. அதோட முனை சாவித் துவாரத்துல கவ்விப் பிடிக்கணும், வழுக்கக் கூடாது, சில ரெஞ்ச்ல வேணும்னே பல்லு பல்லா வெட்டி வச்சிருக்கறது அதுக்குத்தான். விரல் அழுத்துற நீளப் பக்கத்துல பிசிறு இருந்தா அதை மட்டும் P400ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு முனையை அப்படியே விட்டுடுங்க.