காங்கேசன்துறைக்கு நேரடிச் சரக்குக் கப்பல் என்று பணம் கேட்பவர்களிடம் அவதானமாக இருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து இயந்திரமோ மூலப்பொருளோ தருவிக்க எண்ணியிருக்கும் யாழ்ப்பாணத்துச் சிறு தொழில் முயற்சியாளர்கள், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சுன்னாகத்தில் நல்லெண்ணெய் ஆட்டும் சிறிய ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். கோயம்புத்தூரில் செய்வித்த மரச்செக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்ட சரக்கு முகவர் ஒருவர், அது நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கும் என்றும், அங்கிருந்து தமது லொறியிலேயே ஆலை வாசலுக்கு வந்து சேரும் என்றும் எழுத்தில் தந்து, முழுக் கூலியையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டார். அந்த இயந்திரம் காங்கேசன்துறைப் பக்கமே வரவில்லை. தூத்துக்குடியில் ஏற்றப்பட்டு, கொழும்பில் இறக்கப்பட்டு, அங்கே களஞ்சியத்தில் வாரக்கணக்காகக் கிடந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாக வந்து, உடைந்த நிலையில் எனக்குக் கிடைத்தது.

இந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் அதில் பாதி உண்மையாக இருப்பதுதான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. துறைமுகப் புனரமைப்புக்கு 61.5 மில்லியன் அமெரிக்க டொலரை நன்கொடையாகத் தர இந்தியா முன்வந்தது. புகையிரதமும் 2015 முதல் காங்கேசன்துறை வரை வருகிறது. இவற்றையெல்லாம் செய்திகளில் கேட்டவருக்குச் சரக்கும் அவ்வழியே வரும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தக் கப்பல் ஆட்களையும் அவர்களின் பயணப்பொதிகளையும் ஏற்றுவது. நூற்றுக்கணக்கான கிலோ நிறையுள்ள இயந்திரப் பெட்டியை வணிகச் சரக்காக ஏற்றி இறக்குவது அதன் வேலை அல்ல. கொள்கலன் கப்பல்கள் காங்கேசன்துறைக்கு ஒழுங்காக வந்து போவதுமில்லை. கொள்கலன்களைத் தூக்கி இறக்கும் பெரிய பாரந்தூக்கிகளும் அங்கே இல்லை. போர்க்காலத்தில் ஏ-9 தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்தபோது குடாநாட்டுக்கு அரிசியும் மாவும் கப்பலில் வந்ததை நாம் மறக்கவில்லை. அந்தத் துறைமுகம் மறுபடியும் சரக்குக்குத் திறக்க வேண்டும் என்ற ஆவல் இங்கே எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அந்த ஆவலை வைத்தே காசு பறிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு கொள்கலனை நிரப்ப முடியாத சிறு சரக்குகளை முகவர்கள் பலரிடமிருந்து சேர்த்து ஒரே கொள்கலனில் ஏற்றுவார்கள். கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்றியதற்கான பத்திரமாக முகவருக்கு ஒரு பில் ஒஃப் லேடிங் கொடுக்கும்; முகவர் தம் பங்குக்கு ஒவ்வொரு சரக்குக்காரருக்கும் அதுபோன்ற பத்திரமாக ஹவுஸ் பில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பொருள் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது, கப்பல் வந்ததும் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். என்னுடைய ஹவுஸ் பில்லை, அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்று இழுத்தடித்து, கப்பல் கொழும்பை அடைந்த பிறகே அனுப்பினார். அதில் இறங்குதுறை கொழும்பு. அறிவிக்க வேண்டியவர் அவரே. கப்பல் வந்த அறிவித்தல் அவரிடம் போய்ச் சேர்ந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. பொருளை வெளியே எடுப்பதற்கான அனுமதிச் சீட்டான டெலிவரி ஓடரும் அவருடைய கையில் இருந்தது. கட்டணமின்றிப் பொருளை வைத்திருக்கும் இலவச நாட்கள் கடந்து, டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்த வேளையில், களஞ்சியக் கட்டணம், கொள்கலன் பிரிப்புக் கட்டணம், லொறிக் கூலி என்று புதிய பட்டியல் ஒன்றை நீட்டி, அதைக் கட்டினால்தான் ஓடரைத் தருவேன் என்றார். எனக்குக் கிலோக் கணக்கில் விலை சொன்னவர், பட்டியலைப் போடும்போது கனமீற்றர் கணக்குக்கு மாறிவிட்டார். சிறு சரக்கின் கடல்வழிக் கூலியை ஒரு கனமீற்றர் அல்லது ஒரு தொன், இரண்டில் எது கூடுதலோ அதன்படி அறவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியில் பாதி வெற்றிடமாக இருந்தாலும் அந்த வெற்றிடத்துக்கும் கூலி உண்டு.

காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகத்துக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்கென்று பேசிய லொறிக் கூலிக்குள் கொழும்பிலிருந்து வரும் பயணத்தையும் அடக்கப் பார்த்ததால், இடைவழியில் வேறு லொறிக்கு மாற்றி, யாருடைய பொருட்களோடோ சேர்த்து அனுப்பினார்கள். மேல்நோக்கி நிற்க வேண்டிய அம்புக்குறி பக்கவாட்டில் கிடந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, உள்ளே போட்டிருந்த தடித்த பொலித்தீன் கிழிந்து, மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. வாகை மரத்தில் கடைந்த உரலில் விளிம்பிலிருந்து அடிவரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பற்சக்கரப் பெட்டியின் உறை உடைந்து எண்ணெய் முழுவதும் கசிந்து போயிருந்தது. காப்புறுதியும் கூலிக்குள் அடங்கும் என்று சொல்லியிருந்த முகவர், பத்திரத்தைக் கேட்டபோது அப்படி ஒன்று எடுக்கப்படவில்லை என்றார்.

ஆகவே பணம் கொடுக்கும் முன்னரே கப்பலின் பெயரையும் இறங்குதுறையையும் எழுத்தில் கேளுங்கள். அறிவிக்க வேண்டியவராக உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் பில்லில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பொருள் கப்பலேறியதும் அதன் பிரதியை வாங்கிவிடுங்கள். கொழும்பில் அறவிடப்படும் கட்டணங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறித்த விலைக்கூற்று இல்லாமல் உடன்பட வேண்டாம். சரக்கு முகவராகத் தொழில் செய்ய வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அதன் இலக்கத்தைக் கேட்டு, கொழும்பு அலுவலகத்தில் விசாரித்து உறுதிப்படுத்துங்கள். காப்புறுதியை உங்கள் பெயரிலேயே, ஆலை வாசல்வரை செல்லுபடியாகும் வகையில், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வழியாகத்தான் வரும் என்று நேர்மையாகச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கேட்கும் முகவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை கூடுதலாகத் தெரிந்தாலும், நான் கடைசியில் கட்டிய தொகையை விட அது குறைவுதான்.

எழுத்தில் தந்த வாக்குறுதியையும் பற்றுச்சீட்டுகளையும் இணைத்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறேன். விசாரணை முடியாத நிலையில் அவருடைய பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வாக்குறுதியை நம்பி ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே ஹவுஸ் பில்லின் பிரதியைக் கேட்டு வாங்கி, இறங்குதுறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொழும்பு என்று இருந்தால், டெமரேஜ் ஏறுவதற்கு முன்பே கொழும்பில் அனுமதி பெற்ற சுங்க முகவர் ஒருவரை நீங்களே நேரடியாக அமர்த்திவிடுங்கள்.