பொமரேனியனின் இதயத்துக்கு எக்ஸ்ரேயா, எக்கோவா?

எங்கள் வீட்டு நாய் மணி பொமரேனியன், வயது 11. போன மாரிக்கு இரவில் இருமத் தொடங்கினான், தொண்டையில் மீன்முள் சிக்கினது போல ஒரு கனைப்பு. கொக்குவிலில் எங்களுக்குப் பழக்கமான மிருக வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அன்ரி, வால்வு ஒழுகுற சத்தம் கேக்குது, சத்தத்தின்ர அளவு ஆறில மூண்டு எண்டு சொல்லலாம்" என்றார். அடுத்தது எக்ஸ்ரேயா, எக்கோ எனும் இதய ஸ்கானா? நான் இரண்டும் செய்து பார்த்தவள். இதயத்துக்கு மருந்து தொடங்குவதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், எக்கோவுக்கே போங்கோ என்பேன்.

எக்ஸ்ரே ஊரிலேயே எடுக்கலாம், செலவும் குறைவு. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும், மூச்சுத் திணறுகிற நாயை எக்கோவுக்கென்று தூரம் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. மணியின் மூச்சுக்குழாய் தளர்ந்து சப்பையாகியிருந்ததைக் காட்டித் தந்ததும் எக்ஸ்ரேதான். கழுத்துப்பட்டியைக் கழற்றி நெஞ்சுப்பட்டி போட்டதோடு இருமல் பாதி குறைந்தது.

சரி, மருந்து விஷயத்துக்கு வருவோம். வயதான சின்ன இன நாய்களுக்கு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு தடித்து ஒழுகுவது மிகப் பொதுவான இதய நோய். இதயம் பெருத்து, ஆனால் இன்னும் செயலிழக்காத கட்டத்தில் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால், செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016 இல் வந்த எபிக் ஆய்வு காட்டியது. பெருக்காத இதயத்துக்கு அந்த மருந்தைத் தொடங்கச் சொல்வதில்லை. தொடங்கினால் காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன், ஆயுள் முழுக்க. எக்கோவுக்குப் போன வான் கூலியை நான் அந்த ஆயுள் கணக்கோடுதான் வைத்துப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து எத்தனை முதுகெலும்புக் கணு வரும் என்று எண்ணுவார்கள். 10.5 இற்கு மேலே போனால் பெருத்திருக்கலாம் என்று சந்தேகம். மணிக்கு 10.9. நான் மருந்து வாங்கவே வெளிக்கிட்டுவிட்டேன், டொக்டர்தான் மறித்தார். பொமரேனியன் போன்ற சில இனங்களுக்கு நல்ல இதயமே அந்த அளவுக்கு வருமாம்.

கண்டி வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல், விடிய விடிய வான் ஓடிப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு எக்கோ எடுக்கப் போனோம். மேசையில் ஒரு ஓட்டை இருந்தது. மணியை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, அந்த ஓட்டையால் கீழிருந்து கருவியை நெஞ்சில் வைத்தார்கள். மயக்க மருந்து இல்லை, காதைத் தடவிக்கொண்டு நான் தலைமாட்டில். திரையில் பெருந்தமனி பென்ஸ் கார் சின்னம் போலத் திறந்து மூடியது, பக்கத்தில் கறுப்பாக இடது மேலறை. அந்த மேலறை தமனியைப் போல 1.6 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருத்தது என்று கணக்கு. மணிக்கு 1.4. கீழறையும் அளவுக்குள். மருந்து வேண்டாம்.

அறிக்கையில் சுருங்கும் வீதம் என்று ஒன்று இருக்கும், அது நன்றாக இருக்கிறதென்று துள்ளாதேங்கோ. வால்வு ஒழுகும்போது இரத்தம் பின்பக்கமாக இலகுவாகப் போய்விடுவதால், கெட்டுக்கொண்டு வரும் இதயத்துக்கும் அந்த எண் நல்லதாகவே வரும்.

எக்கோவில் குறை இல்லாமல் இல்லை. அளக்கிற கை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். அதனால் பத்து மாதம் கழித்தும் அதே டொக்டரிடமே போனோம். மேலறை 1.5, இன்னும் 1.6 இற்குக் கீழேதான். என் அனுபவம் இந்த ஒரு சின்ன நாயோடு சரி. டோபர்மான் போன்ற பெரிய இனங்களுக்கு வருவது பெரும்பாலும் இதயத் தசை தளரும் வேறு நோய், அதற்கு இந்தக் கணக்கைப் பிடிக்காதேங்கோ.

அடுத்த எக்கோ வரை வீட்டு வேலை ஒன்றுதான்: நித்திரையில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது. 30 ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரவு கரண்ட் போன நேரம் கைபேசி வெளிச்சத்தில் எண்ணினேன், 18.