அலுவலக மெயில், காலண்டர், தொடர்புகள்: போனில் இணைக்க மூன்று வழிகள், எது யாருக்கு?

அலுவலக மெயில் போனில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறோம், முதல் மெயில் வந்து விழுந்ததும் போனை ஓரமாக வைத்துவிடுகிறோம். காலண்டரும் தொடர்புகளும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்ப்பதே இல்லை. ஆனால் வழிக்கு வழி பெரிய வித்தியாசம் தெரிவது அந்த இரண்டில்தான். மெயில் கால் மணி நேரம் பிந்தினால் சமாளித்துவிடலாம். 11 மணிக் கூட்டம் 10 மணிக்கு மாறிய சேதி போனுக்கு எட்டவில்லை என்றால் சமாளிக்க முடியாது.

இன்று நம் முன்னால் இருப்பவை மூன்று. போனிலேயே இருக்கும் மெயில் செயலியில் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் சர்வர்) கணக்காகச் சேர்ப்பது ஒன்று. இதன் உள்ளே ஓடுவது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்சிங்க், அதாவது போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. மெயிலுக்கு ஐமேப், காலண்டருக்குக் கால்டாவ், தொடர்புகளுக்குக் கார்டுடாவ் என்ற திறந்த நெறிமுறைகளைத் தனித்தனியாக அமைப்பது இரண்டாவது. அவுட்லுக், ஜிமெயில் போன்ற சேவையின் சொந்தச் செயலியைப் போடுவது மூன்றாவது. பாப் என்றொரு பழைய வழியும் இருக்கிறது. அதற்குக் காலண்டரும் தெரியாது, தொடர்புகளும் தெரியாது. போனில் படித்தது கணினியில் படிக்காததாகவே கிடக்கும். விட்டுவிடலாம்.

ஆக்டிவ்சிங்க்

ஒரே கணக்கு, மெயில், காலண்டர், தொடர்புகள் மூன்றும் சேர்ந்தே வரும். இதன் பெரிய பலம், புதியது வந்த உடனே போனுக்குத் தெரிந்துவிடுவது. போன் சர்வரிடம் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். புதிதாக ஏதாவது வரும்வரை சர்வர் பதில் சொல்லாமல் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். சும்மா சும்மா போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதால் பேட்டரியும் அவ்வளவாகக் கரையாது. 2005-இல் எக்ஸ்சேஞ்ச் 2003-இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு (புதுப்பிப்புத் தொகுப்பு) வந்த ஏற்பாடு இது. ஐபோனும் 2008-லேயே இதைச் சேர்த்துக்கொண்டது.

கூட்ட அழைப்புகளை ஏற்பது, மறுப்பது எல்லாம் இதில் இயல்பாக நடக்கும். ஆனால் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அலுவலக முகவரிப் பட்டியல் முழுவதும் போனில் இறங்குவதில்லை. தேடும்போது சர்வரிடம் கேட்டுக் காட்டும், அவ்வளவுதான். அதனால் பக்கத்து இருக்கைக்காரர் அழைத்தாலும் திரையில் வெறும் எண்தான் வரும். அவரை உங்கள் சொந்தத் தொடர்புகளில் சேர்த்தால்தான் பெயர் வரும்.

குறை என்றால் இரண்டைச் சொல்வேன். பலர் சேர்ந்து பார்க்கும் பொது அஞ்சல் பெட்டியை இதில் சேர்க்க முடியாது. இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைப்பது: கணக்கைச் சேர்க்கும்போது நிர்வாகிக்குச் சில அதிகாரங்களைக் கொடுக்கிறோம். திரைப்பூட்டைக் கட்டாயமாக்குவது நியாயம். ஆனால் போன் தொலைந்தால் அதைத் தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரமும் அதில் அடக்கம். அழிந்தால் உங்கள் சொந்தப் படங்களும் சேர்ந்தே போகும். ஆக்டிவ்சிங்கின் 16.1 பதிப்பில் அலுவலகக் கணக்கை மட்டும் அழிக்கும் வசதி வந்தது, ஆனால் போனில் உள்ள செயலியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வருகிற அனுமதித் திரையை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

ஐமேப், கால்டாவ், கார்டுடாவ்

கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத நெறிமுறைகள்; கால்டாவ் 2007-இல், கார்டுடாவ் 2011-இல் தரமாக வெளிவந்தன. சர்வரை மாற்றினாலும் பழகிய செயலியை மாற்ற வேண்டியதில்லை.

நடைமுறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐபோனில் மூன்றுக்கும் இடம் உண்டு. ஆண்ட்ராய்டில் கால்டாவும் கார்டுடாவும் உள்ளமைந்து வருவதில்லை. டாவ்எக்ஸ்5 போன்ற செயலியை இடையில் வைக்க வேண்டும். அது நன்றாகவே வேலை செய்கிறது. மெயில் உடனுக்குடன் வர ஐமேப்பில் 'ஐடில்' என்ற வசதி 1997 முதலே இருக்கிறது, ஆனால் ஐபோனின் மெயில் செயலி பொதுவான ஐமேப் கணக்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. 15 நிமிடம், 30 நிமிடம் என்று இடைவெளி விட்டுத்தான் போய்ப் பார்க்கும். 'தானாக' என்று விட்டுவிட்டாலோ, போன் சார்ஜிலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டும்தான் பின்னணியில் மெயிலை எடுக்கும். "மெயில் வரவே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இன்னொன்று: மைக்ரோசாஃப்டின் இணையவழி அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் கால்டாவும் கார்டுடாவும் கிடையாது. அலுவலகம் அங்கே இருந்தால் இந்த வழியில் மெயிலோடு நின்றுவிட வேண்டியதுதான். கூகுளில் மூன்றும் உண்டு. ஆனால் வெறும் கடவுச்சொல்லை வைத்து நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது; கூகுள் தன் அலுவலகக் கணக்குகளுக்கு 2025-இல் மூடியது. சரியான கடவுச்சொல்லைத் தந்தும் செயலி திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பழைய செயலியாக இருக்கலாம். கணக்கை நீக்கிவிட்டு, உலாவிப் பக்கம் திறந்து உள்நுழையச் சொல்லும் புதிய முறையில் சேர்த்துப் பாருங்கள்.

சொந்தச் செயலி

அமைப்பது இரண்டு நிமிட வேலை. பொது அஞ்சல் பெட்டி அவுட்லுக் செயலியில் கிடைக்கும். அலுவலகம் அழிக்க நினைத்தால் செயலிக்குள் இருக்கும் தரவை மட்டும் அழிக்க வழி இருக்கிறது. சொந்தப் போனில் அலுவலக வேலை பார்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

தொடர்புகள்தான் இதில் சறுக்குகின்றன. எல்லாம் செயலிக்குள்ளேயே இருக்கும், போனின் தொடர்புகளில் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் செட்டிங்ஸில் நாமாகப் போய் இயக்க வேண்டும். இயக்கினாலும் ஐபோனில் அவுட்லுக்கின் தொடர்புகள் ஒரு திசையில்தான் போகும்: செயலியிலிருந்து போனுக்கு. போனில் ஒரு எண்ணைத் திருத்தினால் அது அலுவலகக் கணக்குக்குத் திரும்பிப் போகாது. ஆண்ட்ராய்டில் இரு திசையிலும் போகும்.

தொடர்புகளைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் என் போனின் இயல்புக் கணக்காக அலுவலகக் கணக்கே அமைந்துவிட்டது. அப்புறம் சேர்த்த ஒவ்வொரு எண்ணும், நண்பர்கள், உறவினர், மருத்துவர் எல்லாரும், அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள். வேலையை விட்ட அன்று கணக்கை நீக்கினேன், எண்களும் போயின. கேட்டுப் பார்த்தேன், அஞ்சல் பெட்டியை மூடியாயிற்று என்றார்கள். ஐபோனில் தொடர்புகள் செட்டிங்ஸில் இயல்புக் கணக்கை மாற்றலாம். ஆண்ட்ராய்டில் புதிய எண்ணைச் சேர்க்கும் திரையிலேயே எந்தக் கணக்கில் சேமிக்கிறது என்று காட்டும். இன்றே பாருங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே கணக்கை மெயில் செயலியிலும் அவுட்லுக்கிலும் சேர்த்தால் ஒரு கூட்டத்துக்கு இரண்டு நினைவூட்டல், ஒரு ஆளுக்கு இரண்டு பெயர்.

என் தேர்வு இது. அலுவலகம் மைக்ரோசாஃப்டில், போன் சொந்தமானது என்றால் அவுட்லுக் செயலி. அலுவலகமே போன் கொடுத்திருந்தால் ஆக்டிவ்சிங்க். அழிந்தாலும் அவர்கள் போன்தான். சொந்த சர்வர் வைத்திருக்கும் சிறிய நிறுவனம் என்றால் தயங்காமல் திறந்த நெறிமுறைகள்.

அமைத்து முடித்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். கணினியில் வாராவாரம் நடக்கும் ஒரு கூட்டத்தை உருவாக்கி, ஒரு வாரத்துக் கூட்டத்தை மட்டும் நேரம் மாற்றி, இன்னொரு வாரத்துக் கூட்டத்தை நீக்கிவிட்டுப் போனைப் பார்ப்பேன். இரண்டும் சரியாக வந்திருந்தால் அந்தக் காலண்டரை நம்பிக் கிளம்புவேன்.