'ஃபோர் சீசன்' என்று விற்கப்பட்ட கூடாரம்: பனிமலைக்குப் போகும் சென்னைவாசிகள் கவனத்திற்கு

உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் பனிக்காலத்தில் போவதற்காக, அண்ணா சாலையை ஒட்டிய தெரு ஒன்றிலுள்ள மலையேற்றப் பொருள் கடையில், இருவர் படுக்கக்கூடிய எடை குறைந்த கூடாரம் ஒன்றை 11,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடையில் விரித்துக் காட்டியது ஒன்று, பையில் கட்டிக் கொடுத்தது வேறொன்று. அலுமினியம் என்று சொல்லப்பட்ட கழிகள் வெள்ளி நிறம் பூசிய ஃபைபர் கிளாஸ். புதுச் சரக்கு என்று சொல்லப்பட்ட துணியின் உட்பூச்சோ ஏற்கெனவே மக்கத் தொடங்கியிருந்தது. மார்கழி, தை மாதங்களில் இமயமலைப் பக்கம் போவதற்காக இப்போது கடை கடையாக ஏறி இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் கேட்டவை தெளிவானவை. உள்கூடாரம் முழுக்க வலையாக இல்லாமல் பெரும்பகுதி கெட்டித் துணியாக இருக்க வேண்டும். ஏனெனில் காற்றில் பறக்கும் பொடிப் பனி, உள்கூடாரத்தின் மேல் போர்த்தும் வெளித்திரைக்கு அடியில் நுழைந்து, வலை வழியாகப் படுக்கையின் மேல் வந்து கொட்டும். வெளித்திரை தரையை ஒட்டி இறங்க வேண்டும், மேலே திறந்து மூடும் காற்றுவழி இருக்க வேண்டும், கழிகள் அலுமினியமாக இருக்க வேண்டும், மொத்த எடை 2 கிலோவைத் தாண்டக்கூடாது. கடைக்காரர் காட்டிய மாதிரிக் கூடாரத்தில் இவை எல்லாமே இருந்தன. "சார், இது ஃபோர் சீசன். மணாலியில எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றார்.

'ஃபோர் சீசன்', அதாவது பனிக்காலம் உட்பட நான்கு பருவங்களுக்கும் ஏற்றது, என்பது யாரும் சோதித்துக் கொடுக்கும் முத்திரை அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தயாரிப்பவரோ விற்பவரோ தாமாகவே எழுதிக்கொள்ளும் அடைமொழி அது. இரவிலும் வியர்க்கும் ஊரில் அமர்ந்துகொண்டு அதை வாங்குகிறோம் என்பதே இத்தகைய கடைகளின் பலம்.

வாரக்கணக்கில் இழுத்தடித்து, ரயில் ஏறுவதற்குச் சற்று முன்புதான் கூடாரத்தைக் கொடுத்தார்கள். வீட்டுத் தராசில் வைத்தபோது குறித்திருந்த 1.9 கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ காட்டியது. தொலைபேசியில் கேட்டதற்கு, "பை, கழி, முளை எல்லாம் சேர்க்காத வெயிட்டுதான் சார் எழுதுவாங்க" என்று பதில் வந்தது. பை, முளைகளை விட்டுவிட்டு எடையைக் குறிக்கும் வழக்கம் பெரிய நிறுவனங்களிடமும் உண்டு. ஆனால் கழி இல்லாமல் கூடாரம் எப்படி நிற்கும்? மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தபோது உள்கூடாரத்தின் மேல்பாதி முழுக்க வலையாக இருந்தது. வெளித்திரையை உதறியதும் புளித்த வாந்தியின் வாடை அடித்தது. இரண்டையும் சொன்னதற்கு, இது அதைவிடப் புதிய மாடல் என்றும், புதுத் துணி வாடை இரண்டு நாளில் போய்விடும் என்றும் சமாளித்தார்கள். மாற்றித் தரச் சரக்கு இல்லை, பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமும் இல்லை என்றார்கள்.

அந்த வாடைக்கு உண்மையான காரணம் வேறு. நீர் புகாமலிருக்க இத்துணிகளின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு கொடுக்கப்படுகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்தால் அந்தப் பூச்சு நீரோடு வினைபுரிந்து சிதையும். முதலில் வாடை வரும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் செதில் செதிலாக உதிரும். சென்னைக் கடற்காற்றில் காற்றோட்டமில்லாத கிடங்கில் கிடக்கும் பழைய சரக்குக்கு இந்தக் கதிதான் நேரும். அட்டையில் நீர் தாங்கும் திறன் (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 3000 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், அது பூச்சு புதிதாக இருந்தபோது எடுத்த அளவு. வாங்கும்போது துணியின் உட்புறத்தை உள்ளங்கையால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சிலிக்கான் பூச்சுக்கு இந்த வகைச் சிதைவு கிடையாது. ஆனால் சிலிக்கான் பூசிய நைலான் ஈரத்தில் தொய்யும் என்பதால், கயிறுகளை இரவில் ஒருமுறை எழுந்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

உத்தரகாசி மாவட்டத்தின் சாங்க்ரியிலிருந்து ஏறினால், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஜூடா கா தாலாப் ஏரியருகே முதல் முகாம் வரும். கேதார்காந்தாவின் உச்சி ஏறத்தாழ 12,500 அடி. ஏரியருகே தங்கிய இரவு கூடாரத்துக்குள் பனி உதிர்ந்தது. அது வெளிப்பனி அல்ல, நானும் என் மைத்துனரும் விட்ட மூச்சு. மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த வெளித்திரையின் உட்புறத்தில் உறைந்து, காற்று அசைக்கும்போதெல்லாம் வலை வழியாக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நல்ல கூடாரத்திலும் மூச்சு உறையத்தான் செய்யும். அதைக் குறைப்பதற்கே மேல் காற்றுவழியைப் பனி பெய்யும்போதும் திறந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுடையதிலோ காற்றுவழி என்று வெளியே தெரிந்தது துணியில் தைத்த வெறும் மடிப்பு. அதற்குப் பின்னால் ஓட்டையே இல்லை.

அடுத்த முகாமில் மாலையிலிருந்தே பனி பெய்தது. கூடாரத்தின் உச்சி தட்டையாக இருந்ததால் பனி வழிந்து விழாமல் அங்கேயே தங்கியது. அவ்வப்போது உள்ளிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தும், காற்று வலுத்தபோது ஒரு கழி வளைவில் பட்டென்று வெடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், உலோக இணைப்புக்கு ஒட்டினாற்போல் கரும்புச் சக்கைபோல நார்நாராகப் பிளந்து, வெளித்திரையைக் கிழித்துக்கொண்டு நின்றது. அலுமினியம் பெரும்பாலும் வளையும். வளைந்த இடத்தின் மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகிச் சமாளிக்கலாம். ஃபைபர் கிளாஸ் சிம்பு சிம்பாக உடையும், உறைகுளிரில் இன்னும் எளிதாக உடையும். பக்கத்து முகாமின் வழிகாட்டி ஒருவர் ஊன்றுகோலை வைத்துக் கட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. அவர்களுடைய சமையல் கூடாரத்தில் ஒண்டிக்கொண்டு விடிய வைத்தோம். உச்சிக்குப் போகவில்லை.

கழியைக் கடையிலேயே சோதிக்கலாம். காந்தம் உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. துண்டுகளைப் பிரித்து முனையைப் பாருங்கள்: அலுமினியம் மெல்லிய சுவருள்ள உலோகக் குழாயாக இருக்கும், ஃபைபர் கிளாஸில் தடித்த சுவரும் அதில் நார்களும் தெரியும், இணைப்பில் மட்டும் தனியாக ஓர் உலோக வளையம் மாட்டியிருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு பிளேடால் சுரண்டியபோது வெள்ளிப் பூச்சு உரிந்து, உள்ளே மஞ்சளாக நார் தெரிந்தது. உறைமேல் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரையும் ஆவி காட்டி உரித்தேன். அதற்கடியில் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய உற்பத்தித் தேதி அச்சிடப்பட்டிருந்தது. உறையில் அடைத்து விற்கும் பொருள்களில் உற்பத்தி மாதமும் ஆண்டும், இறக்குமதி என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. அந்த இடத்தை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூடாரத்தோடு வந்த ஆணி போன்ற முளைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொலபொலப்பான பனியில் அவை நிற்காது. பையில் பனியை நிரப்பியோ குச்சியைக் குறுக்காக வைத்தோ, அதில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மிதித்து இறுக விட வேண்டும்.

பணம் போனதைக்கூட மன்னிக்கலாம். கடைக்காரர் சொன்ன ஒரு யோசனையை என்னால் மன்னிக்க முடியவில்லை. "ரொம்பக் குளிரினா ஜிப்பை மூடிட்டு உள்ளேயே அடுப்பைப் பத்த வெச்சுக்குங்க சார், கதகதன்னு இருக்கும்." மூடிய கூடாரத்துக்குள் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். துணி தீப்பற்றும் ஆபத்து வேறு. கூடாரம் காற்றையும் பனியையும் தடுக்கும், அவ்வளவுதான். உடலைச் சூடாக வைப்பவை ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் பாயும்.

உடைந்த கழியோடு கடைக்குப் போனபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது: இணையத்தில் எழுதிய மதிப்புரையை நீக்கினால் பாதிப் பணம் தருவார்களாம். மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்து வருகிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இதே நிலையில் இருப்பவர்கள் உடைந்த கழி, உரிந்த துணி, ஸ்டிக்கர் ஒட்டிய உறை எதையும் தூக்கிப் போட வேண்டாம். "கூடாரத்தைக் கொண்டு வந்து கொடுங்க சார், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று என்னிடமும் கேட்டார்கள். பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்திட்டுத் தாருங்கள் என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.