இரட்டை டிரம் ராக் டம்ளர்: ரிப்பேர் செய்து ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நல்ல மெஷின்

தலா 3 பவுண்டு கொள்ளும் இரண்டு ரப்பர் டிரம், அவற்றைச் சுமக்கும் இரண்டு கம்பிகள், ஓரமாக ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு கம்பிக்குப் போகும் பெல்ட். கரடான கற்களைத் தண்ணீரோடும் கிரிட் என்ற அரைப்புத் தூளோடும் நாள்கணக்கில் உருட்டிப் பளபளப்பாக்கும் இந்த மெஷினைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரே அச்சில் செய்து வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. சட்டம் இரும்புத் தகடு, டிரம்முக்குள் அறுகோண வடிவம், இரட்டை மூடி, நடுவில் ஒரு நட்டு. பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் தடவை போட்ட கல் எப்படிப் பளபளத்தது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அகேட், ஜாஸ்பர் போன்ற கெட்டியான கற்கள் நல்ல கிரிட் போட்டுப் பொறுமையாக ஓட்டினால் எந்த மெஷினிலும் பளபளக்கும். மெஷினின் தரம் அது நிற்கும்போதுதான் தெரியும். 60/90 சிலிக்கான் கார்பைடில் (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்) ஒரு வாரத்துக்கு மேல், அடுத்து 120/220, அப்புறம் 500, கடைசியாக அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் என்று ஏறக்குறைய ஒரு மாதம் ராத்திரி பகல் பாராமல் ஓட வேண்டிய பொருள் இது. வீட்டில் வேறு மோட்டார்களுக்கு நாம் பெரும்பாலும் இவ்வளவு வேலை கொடுப்பதில்லை. சாதாரண ஃபிரிட்ஜ் மோட்டார்கூட நடுநடுவே ஓய்ந்துதான் ஓடுகிறது.

எனவே இது நிற்கும். பெல்ட் அறும், புஷ் (கம்பியின் முனையும் மோட்டார் ஷாஃப்டும் உட்கார்ந்து சுழலும் வளையம்) தேயும், மூடி கசியும், என்றாவது மோட்டாரும் போகும். அப்படியும் நான் இதைச் சிபாரிசு செய்கிறேன். மோட்டார் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு ஆலன் சாவியும் இருந்தால் நாமே பிரித்து மாட்டிவிடலாம். ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கியரை வைத்து வரும் பொம்மை மாடல்களில் அது நடக்காது. கியரில் ஒரு பல் போனால் மொத்த மெஷினையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் போகும். நான் தையல் தொழில் செய்பவள். பெல்ட் எவ்வளவு இழுவையில் இருக்க வேண்டும் என்பது விரலுக்கே தெரியும். பெட்டியைத் திறந்ததும் தொட்டுப் பார்த்தேன், வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெல்ட் அளவுக்கு மீறி இறுகினால் மோட்டார் ஷாஃப்டை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். முன்பக்கத்து புஷ் நீள்வட்டமாகத் தேயும், மோட்டார் சூடேறும். லூஸாக இருந்தால் அது வேறு கதை: மோட்டார் சுற்றும், டிரம் நிற்கும், புல்லிக்கு (பெல்ட் ஓடும் பள்ளம் வைத்த சக்கரம்) கீழே கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். இந்த மெஷினில் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளின் துளைகள் நீளவாக்கில் இருக்கின்றன. திருகைத் தளர்த்தி மோட்டாரை நகர்த்தி இழுவையைச் சரிசெய்யலாம். வடிவமைத்தவரைப் பாராட்ட வேண்டிய இடம் இது. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், டிரம்மை நிரப்பி ஏற்றினாலும் வழுக்காமல் இழுக்க வேண்டும். அவ்வளவு போதும்.

மாற்று பெல்ட் வாங்கும்போது பழைய பெல்ட்டை அளந்து வாங்காதீர்கள். அது நீண்டுபோய்த்தான் கெட்டிருக்கும், அந்த அளவில் புதிது வாங்கினால் முதல் நாளே வழுக்கும். மோட்டாரை அந்த நீளத் துளைகளின் நடுப்பகுதியில் வைத்துக்கொண்டு இரண்டு புல்லிகளின் பள்ளத்திலும் ஒரு நூலைச் சுற்றி, நூல் சேரும் இடத்தில் முடிச்சிட்டு, வெட்டி நேராக்கி அளந்து பாருங்கள். வட்டமான ரப்பர் பெல்ட் கொஞ்சம் இழுபட்டு உட்கார வேண்டும் என்பதால் நூல் அளவைவிடச் சற்றுக் குறைவாக வாங்க வேண்டும். கனத்தையும் பாருங்கள், பள்ளத்தைவிடத் தடிமனான பெல்ட் மேலே ஏறி நழுவும்.

பெல்ட் நன்றாக இருந்தும் டிரம் ஓடவில்லை என்றால் மோட்டார் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதைப் பூட்டியிருக்கும் குட்டித் திருகு அதிர்விலேயே தளர்ந்துவிடும். ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், திருகின் முனை அந்தத் தட்டையில்தான் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் மறுபடி கழன்றுவிடும்.

சரி, இனி நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். இந்த மெஷினில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கசிவிலிருந்துதான் தொடங்குகின்றன. மூடி உட்காரும் விளிம்பில் ஒரு குறுகலான பள்ளம் விட்டிருக்கிறார்கள். கிரிட் மாற்றும்போது ஒன்றிரண்டு மணல் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலை ஓட்டினால் நெருடும். அதன்மேல் மூடியை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மயிரிழை வழி இருக்கும். சாம்பல் நிறச் சேறு அதன் வழியாக மெதுவாக வெளியே வந்து டிரம்மின் வெளிப்பக்கத்தில் படரும். முதலில் டிரம் ஈரமாகிக் கம்பியின்மேல் வழுக்கும். அடுத்து சேறு கம்பியின் ஓரத்துக்கு நகர்ந்து புஷ்ஷுக்குள் போகும். அந்தச் சேற்றில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 9க்கு மேல். 7 இருக்கும் குவார்ட்ஸையே தேய்க்கும் பொருளுக்கு நைலான் புஷ்ஷும் இரும்புக் கம்பியும் எம்மாத்திரம்? புஷ் தேய்ந்தால் கம்பி ஆடும், ஆடினால் கீச்சிடும், சுழல்வது கடினமாகும், மோட்டார் சுமை கூடிக் கொதிக்கும். கடைசியில் "மோட்டார் சீக்கிரம் போய்விட்டது" என்று எல்லோரும் மோட்டாரைத் திட்டுவார்கள்.

ஆகவே மூடியில் காட்டும் அக்கறைதான் மெஷினுக்குக் காட்டும் அக்கறை. பள்ளத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரத் துணியால் துடைத்து, விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு மூடவேண்டும். சில கற்கள் தேயும்போது உள்ளே வாயு சேரும். மூடி மேலே உப்பினால் அதுதான் காரணம், அப்படியே விட்டால் மூடி பிதுங்கி உள்ளே இருப்பதெல்லாம் தரையில் இருக்கும். அந்த மாதிரிக் கற்களைப் போட்டால் தினமும் ஒருமுறை திறந்து வாயுவை விட்டு மூடுங்கள்.

புஷ் சின்னப் பொருள், மாற்றுவதும் எளிது. சுமை கீழ்நோக்கியே அழுத்துவதால் பெரும்பாலும் கீழ்ப்பாதிதான் தேயும். மாற்று கைவசம் இல்லாதபோது பழைய புஷ்ஷையே கழற்றி, துடைத்து, அரைச்சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் கீழே வந்துவிடும். நன்றாக ஓடும். எண்ணெய் விஷயத்தில் கை நீளக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதிகமானால் கம்பி வழியாகப் பரவி ரப்பரில் ஏறும். எண்ணெய் பட்ட டிரம் வழுக்கும், பெல்ட்டும் கெடும். அப்படி ஆகிவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

இந்த மாடலின் மேல் எனக்குள்ள பெரிய குறை மோட்டாரின் காற்றுத் துளைகள் இருக்கும் இடம். ஒரு டிரம்மின் மூடிக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். கசிந்தால் சொட்டுவது துளைக்குள்தான். நான் ஒரு பிளாஸ்டிக் தகடு வெட்டிச் சாய்வாகப் பொருத்தினேன். காற்றும் போகிறது, சேறும் வெளியே வழிகிறது. இதைத் தயாரிப்பாளரே செய்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பே உள்ளே போன சேறு தன் வேலையைக் காட்டியிருந்தது. மோட்டார் ஒரு நாள் உறுமலோடு நின்றது, அப்புறம் உறுமலும் இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, டிரம்மை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் சுண்டினால் ஓரிரு சுற்றாவது தானாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் மோட்டார் புஷ் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சத்தமே இல்லை என்றால் ஒயர், சுவிட்ச், அப்புறம் காயில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அக்கா மகன் மல்டிமீட்டர் கொண்டுவந்து பார்த்தான். ஒயரும் சுவிட்சும் சரி, காயிலில் தொடர்பு இல்லை. காயிலின் மேல் சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில் ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கிறது. சூடு எல்லை மீறினால் ஒரே ஒருமுறை அறுந்து மோட்டாரை நிறுத்தும், தானாக மறுபடி சேராது.

அதை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு ஓட்டலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாம் தூங்கும்போது ஓடும் மெஷின் இது. தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். இதே காரணத்துக்காகச் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று போர்வை போட்டு மூடுவதும், காற்றில்லாத பெட்டிக்குள் வைப்பதும் கூடாது.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். மோட்டார் தனியாகத் தருவதில்லை, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மற்றதெல்லாம் முழுசாக இருக்கும்போது இப்படிச் சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ஷாஃப்ட் கனம், திருகுத் துளைகளின் இடைவெளி, சுற்றும் வேகம், வாட் எல்லாம் ஒத்துப்போகும் ஷேடட் போல் (சின்ன ஃபேன்களில் வரும் எளிய ஏசி வகை) மோட்டார் ஒன்றைத் தேடிப் பொருத்தினேன், இன்றும் ஓடுகிறது. மோட்டார் தேடும்போது வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும்.

சுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை நிரப்பு என்பது சரியான பேச்சுதான், ஆனால் அது அகேட் மாதிரிக் கற்களுக்கு. ஹெமடைட் என்ற இரும்புத் தாதுக் கல் அதே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை வரும். 3 பவுண்டு என்பது கல், தண்ணீர், கிரிட் எல்லாம் சேர்ந்து. தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மெஷின் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் கல் என்ன ஆகும் என்ற பயம் தேவையில்லை. கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சேறு அடியில் படிந்து இறுகிவிடும், அப்படியே மறுபடி ஓட்டினால் கட்டி ஒரு பக்கமாக நின்று டிரம் எகிறும், பாவம் அந்த மோட்டார்தான் திணறும். ரிப்பேர் நாளாகும் என்று தெரிந்தால் உடனே கொட்டிக் கழுவி, கல்லைச் சுத்தமான தண்ணீரில் போட்டு, எந்தக் கிரிட்டில் எத்தனை நாள் ஓடியது என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். சேற்றைக் குழாயில் ஊற்ற வேண்டாம், கல்லாகி அடைத்துக்கொள்ளும். மறுபடி தொடங்கும்போது சந்தேகம் இருந்தால் அதே கட்டத்தை இன்னும் சில நாள் ஓட்டுவதே நல்லது. கரடான கல்லை அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் கடைசி வரை அந்தக் கீறல் போகாது.

நான் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. டிரம்மின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, நன்றாக ஓடும் நாளில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, மெஷின் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ வழுக்குகிறது. காதும் உதவும். சீரான சரசரப்பு இருந்தால் கவலையில்லை. கீச்சொலி வந்தால் புஷ். முறை வைத்து டக் டக் என்றால் பெல்ட்டில் வெடிப்பு, அறுவதற்குள் மாற்றிவிடலாம். கல் மோதும் சத்தம் திடீரெனக் கடுமையானால் தண்ணீர் கசிந்து போயிருக்கும், அல்லது டிரம் ஓடும் முறையே மாறியிருக்கும். உள்ளே அறுகோண மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிட்டால் கற்கள் புரளாமல் சறுக்க ஆரம்பிக்கும். அப்போது டிரம்மையே மாற்ற வேண்டும்.

சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. பிரித்துப் பார்க்கத் தயங்காதவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், வாங்குங்கள். வாங்கும்போதே இரண்டு பெல்ட், ஒரு செட் புஷ், ஒரு மூடி கேஸ்கெட் சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம் பணம் கொடுப்பதற்கு முன்னால் மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.