கட்டுநாயக்கவிலிருந்து திருச்சியா, சென்னையா?

திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ள இலங்கை மலையகக் குடும்பங்களுக்குக் கல்யாணம், காதுகுத்து என்று அங்கிருந்து அழைப்பு வந்ததும் எழும் கேள்வி இது. புதுக்கோட்டைக் கல்யாணத்துக்கு நாங்கள் திருச்சி விமானத்தில்தான் போய் வந்தோம். இனியும் அதைத்தான் பிடிப்போம்.

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 645 கிலோமீட்டர். திருச்சிக்கு 420கூட வராது. ஆனால் மிச்சமாகும் பறக்கும் நேரம் அரை மணிக்குள்தான்: சென்னைக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி, திருச்சிக்கு ஒரு மணி. இவ்வளவு குறுகிய பயணத்தில் மேலே ஏறவும் கீழே இறங்கவுமே பாதி நேரம் போய்விடும். "அரை மணிதானே" என்று பலர் சென்னைக்கு டிக்கெட் போடுவது இதனால்தான்.

பார்க்க வேண்டியது தரைப் பயணத்தை. அட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறினாலும் கட்டுநாயக்க போய்ச்சேர வேனில் நாலைந்து மணி நேரமாகும். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கவும் வேண்டும். இதெல்லாம் இரண்டுக்கும் பொது. அந்தக் கரையில்தான் கணக்கு மாறுகிறது. சென்னையில் இறங்கினால் திருச்சிக்கே இன்னும் 320 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ரயிலோ பஸ்ஸோ, ஐந்தாறு மணி நேரம். புதுக்கோட்டை அதற்கும் அப்பால். ரயிலில் இடம் கிடைக்காவிட்டால், வயதானவர்களையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு இரவில் பஸ் தேட வேண்டும். ஏற்கெனவே மலையிறங்கி வந்த உடம்புக்கு அது பெரிய தண்டனை.

திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. வெளியே வந்து கார் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. திருச்சி டவுனுக்கு அதுவும் வேண்டாம். 2024இல் புதிய முனையம் திறந்த பிறகு இடமும் தாராளம். இ-விசாவில் வருபவர்களும் அங்கேயே இறங்கலாம். ஆக, வானத்தில் அரை மணிகூட மிச்சமில்லை, தரையில் அரை நாள் மிச்சம்.

சென்னைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஒரு நாளில் பல விமானங்கள் போகின்றன, ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததற்கு முயலலாம். திருச்சிக்கு அந்த வசதி குறைவு. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் டிக்கெட் போனதுதான். அந்த மாதங்களில் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்கிவிடுவது நல்லது. சென்னை டிக்கெட் சில நாட்களில் மலிவாகவும் கிடைக்கும். சரி, அங்கிருந்து மேற்கொண்டு போகும் ரயில், பஸ், சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சென்னையிலேயே வைத்தியம், வேலை என்றால் கேள்வியே இல்லை.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்தும் 2025 மார்ச் முதல் இண்டிகோ திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. சிறிய ஏடிஆர் விமானம், தூரம் 185 கிலோமீட்டர் அளவுதான். நான் அதில் ஏறியதில்லை. அட்டன்காரர்களுக்கு அது சரிவராது என்றே நினைக்கிறேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே ஏ9 வீதியில் 321 கிலோமீட்டர். ஆனால் மலையகத்திலிருந்து போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய நம் சொந்தங்கள் கட்டுநாயக்கவை நினைப்பதற்கு முன் பலாலி நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.